ஏழாம் நம்பர் பாட்டில் நீ சொன்னது இன்னும் தப்புதான்

என் பாசத்துக்கும் பகைக்கும் ஒருசேர உரிய ஜெகா,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "செத்தவங்கிட்டப் போயி நலமான்னு கேக்கற மொத ஆளு நீதான்டி" என்று சிரிப்பாய். உன்னைச் சிரிக்க வைக்க நான் வரவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போனாயே ஒரு சண்டை, அதைத் தொடர வந்திருக்கிறேன்.

இதைத் தனியாக எழுதி மடித்து வைத்திருக்கலாம்தான். ஆனால் உன் பெரியப்பா உன் வருஷ நினைவுக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில் ஆளுயர பேனர் வைத்தார். அதில் நீ நீலக் கோட்டு போட்டு டை கட்டி நிற்கிறாய். கழுத்துக்கு மேலே நீ, கழுத்துக்குக் கீழே யாரோ. ஸ்டூடியோக்காரர் உன் கிழிந்த கறுப்பு டி-ஷர்ட்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே கோட்டு மாட்டிவிட்டார். முள்ளம்பன்றி மாதிரி நிற்குமே உன் முடி, அதையும் படிய வாரிவிட்டார். உன்னோடு படித்த பையன் ஒருவன் பேனருக்குக் கீழே நின்று, "யாருப்பா இந்த பேங்க் மேனேஜரு, சின்ன வயசுலயே பூட்டாரு" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். அவர்கள் ஊரறியப் பொய் சொல்லும்போது நான் மட்டும் உண்மையைக் காதோடு காதாகச் சொல்ல வேண்டுமா? பத்திரிகைக்கே அனுப்புகிறேன், ஊரும் படிக்கட்டும்.

ஊருக்கு உன்னைத் தெரியாது. ஆகவே ஒரு நிமிடம் அவர்கள் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இவன் ஜெகன், என் அத்தை பையன், சிதம்பரம். நான் வினோ, இவனுடைய மாமன் மகள், கடலூர் மஞ்சக்குப்பம். என்னைவிடச் சில மாதங்கள் பெரியவன். அந்தச் சில மாதங்களுக்காக இவனை நான் 'மாமா' என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சட்டம். "டேய் ஜெகா" என்று நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மா கரண்டியோடு வருவாள். "மொறையா கூப்புடுடி!" நான் முறைத்துக்கொண்டே கூப்பிடுவேன். "மொறச்சிட்டேன், போதுமா?"

முறைப்பெண், முறைப்பையன் என்று சொந்தக்காரர்கள் கண்ணடிப்பார்கள். ஜெகா, நமக்கு அதில் துளியும் ஈடுபாடு இல்லை. நான் உனக்கு எதிர்க்கட்சி. நீ எனக்கு எதிர்க்கட்சி. ஆளுங்கட்சி என்று ஒன்று நம் வீட்டில் இருந்ததே இல்லை.

சண்டை எதைப் பற்றி என்றும் சொல்லிவிடுகிறேன். உலகத்திலேயே, இதுவரை வந்ததிலேயே, தலைசிறந்த பங்க் ராக் பாட்டு எது? கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்காகச் சோறு தண்ணி இல்லாமல் அடித்துக்கொண்டவர்கள் நாம் இரண்டு பேர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆள் இருந்தால் கை தூக்கட்டும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தபோது, டெல்லி அப்பளக் கடைக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த சிடிக்களில் நாம் அதை எடுத்தோம். அட்டையில் 'பங்க் ராக்' என்று கொட்டை எழுத்து, கழுகு, மோட்டார் சைக்கிள், காரணமே இல்லாமல் ஒரு நீர்வீழ்ச்சி. உள்ளே பாட்டுக்களுக்குப் பெயர் கிடையாது. டிவியில் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் மட்டும்தான் வரும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பங்க் பாட்டுன்னா? பெட்ரோல் போட்டுக்கினே பாடுவாங்களா?"

"ஆமா மாமா, அதான் இப்டி பத்திக்கினு எரியுது" என்றாய் நீ.

முதல் பாட்டு தொடங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "இன்னாங்க, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டாள். அந்த நிமிடமே நாம் அந்த இசைக்கு அடிமை. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு பொருள் நம் கையில் கிடைத்திருக்கிறது, அதுவும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அனுமதியோடு!

அந்த விடுமுறை முழுக்கப் போட்டி நடத்தினோம். இரண்டாம் நம்பர் வேகம், ஆனால் வேகம் மட்டும்தான். நாலாம் நம்பரில் கிட்டார்காரன் தன்னைக் காட்டிக்கொள்கிறான், தள்ளு. பதினொன்று நன்றாகத்தான் இருந்தது; நடுவில் ஒருத்தி வந்து உருகினாள், அவ்வளவுதான், பதினொன்று காலி. கடைசியில் நாம் இருவரும் சேர்ந்து, சரித்திரத்தில் ஒரே ஒருமுறை, ஒரே பாட்டுக்குக் கை தூக்கினோம். ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பரின் அழகு அதன் நடுவில் இருந்தது. பாடுகிறவன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே வருவான். திடீரென ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வான். அதே சொல்லின் பாதியை டக்டக்டக்டக் என்று திக்குவான், திக்குவான், நமக்கே மூச்சு முட்டும். பிறகு அறுத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாட்டின் கடைசிக்குப் போய்விழுவான். கோபத்தில் வார்த்தை வராமல் தவிக்கும் ஒருவனை யாராவது இப்படிப் பாட்டில் காட்டியிருக்கிறார்களா? "இந்த எடத்துக்காகவே இவனுக்குச் செல வெக்கலாம்டி" என்றாய். நான் இடம் கூடப் பார்த்துவிட்டேன், சில்வர் பீச்சில், பஜ்ஜிக் கடைக்கு எதிரே.

ஸ்ரீமுஷ்ணத்தில் சித்தப்பா மகளுக்குக் காது குத்தியபோது மைக்செட்டில் அதை நாம் நைசாகப் போட்டுவிட்டது நினைவிருக்கிறதா? குழந்தை வீறிட்டது, பாட்டுக்காரனும் வீறிட்டான், யார் எது என்று தெரியவில்லை. சரியாகத் திக்கும் இடம் வந்தது. மைக்செட் அண்ணன் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து கை கூடக் கழுவாமல் ஓடிவந்து பெட்டியின் மண்டையில் ஓங்கி ஓங்கி அடித்தார். "பூட்ச்சி, பெட்டி பூட்ச்சி!" நீ முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "அண்ணா, அடிக்காதீங்கண்ணா, அது ஸ்டைல்ணா" என்றாய். அவர் உன்னையும் ஒன்று அடித்தார்.

அது ஸ்டைல் இல்லை. கீறல்.

இதை நாம் தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷம் ஆனது. உங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, காதில் விழுந்த ஒரு வரியை நீ ஏதேதோ ஸ்பெல்லிங்கில் தட்டித் தட்டிக் கடைசியில் ஏழாம் நம்பரைப் பிடித்துவிட்டாய். ஹெட்போனில் உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. பாட்டு வந்தது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தோம். அந்த இடமும் வந்தது. வந்து, நிற்காமல், சாதாரணமாகப் போய்விட்டது. வேகத்தடை இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை வெறும் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நாம் கேட்டே இராத இன்னொரு சரணம் வேறு!

"திரும்பப் போடு" என்றேன். போட்டாய். திக்கவில்லை. இன்னொரு முறை. அவன் திக்கவே இல்லை. கடலூருக்கு வந்து சிடியை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு முடியைப் போல மெல்லிய கோடு, நடுவிலிருந்து விளிம்பு வரை.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு விஷயத்தை அமுக்கியிருப்பார்கள். நாம் கட்சியைப் பிளந்தோம்.

நீ சொன்னாய்: "ஒருத்தன் மூச்சு வுடாம கடைசி வரிக்கும் ஓட்றான்டி. அந்த மூச்சுதான் பாட்டே. நாம கேட்டது பாட்டு இல்ல, விபத்து. ஒரிஜினல்தான் ஒலகத்துலயே பெஸ்ட்டு."

நான் சொன்னேன்: "கோவத்துல யாருடா கோர்வையா பேசறான்? எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா மொத எழுத்துலயே நிப்பாரு. உன் ஒரிஜினல்ல அவன் ஒப்பிக்கறான். கீறல்லதான் அவனுக்கு நெஜமா கோவம் வருது."

"அவன் நெனச்சது அது இல்லயே!"

"அவன் நெனச்சதக் கேக்க நான் இன்னா அவன் பொண்டாட்டியா? எங்க வூட்டுக்கு வந்தப்புறம் அது எங்க பாட்டு."

"உன்னுது ஏழே இல்லடி. ஏழரை!"

அன்றிலிருந்து என் கட்சிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உன் செல்போன் மெமரி கார்டில் ஒரிஜினலை ஏற்றிக்கொண்டாய். போன் செய்தால் "ஹலோ" கிடையாது. "ஏழரை ஏன் பேசுது இன்னிக்கி?" என்றுதான் எடுப்பாய். சிதம்பரம் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரும்வரை வாதாடியிருக்கிறோம். ஒருமுறை கண்டக்டர் குறுக்கே புகுந்து, "எந்தக் கட்சிப்பா நீங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது.

பேப்பரில் 'மர்மக் காய்ச்சல்' என்று போட்டார்கள். என்ன மர்மம்? உன்னைக் கொண்டுபோனதில் என்னடா மர்மம் வேண்டிக்கிடக்கிறது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் சலைன் ஊசியோடு கிடந்தாய். உதடு காய்ந்திருந்தது. அழாமல் இருப்பதற்காக நான் சலைன் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீதான் ஆரம்பித்தாய்.

"எனக்குக் கோவம் வந்தா நான் திக்கமாட்டேன். கவனிச்சிருக்கியா? எனக்குச் சும்மா கொட்டும். அதான் எனக்கு ஒரிஜினல் புடிக்குது."

அது புது வாதம். வலுவான வாதம். நான் மறுப்பை யோசித்து முடிப்பதற்குள் நர்ஸ் வந்து, "தம்பி, பேசக் கூடாது" என்றார். நீ அவர் போகும்வரை காத்திருந்து, "டிஸ்சார்ஜ் ஆவட்டும். பேசியே உன்னத் தோக்கடிக்கறேன்" என்றாய்.

டிஸ்சார்ஜ் ஆகவில்லை. நீ பேசிவிட்டாய், நான் இன்னும் பேசவில்லை. அப்படிப் பார்த்தால் இப்போது யாருடைய முறை?

சாவு வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுத கிழவிகளின் கணக்கு தனி. "கட்டிக்க வேண்டிய பொண்ணு, இப்டி நிக்குதே!" நான் விலகி நின்று, "கட்டிக்கறதுக்கு இல்ல ஆயா, கட்டிப் பொரள்றதுக்கு" என்றேன். ஒரு கிழவி அழுகையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உன் முகம் மட்டும் அங்கே அசையாமல் இருந்தது. முதல்முறையாக என் ஜோக்குக்கு நீ சிரிக்கவில்லை.

ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது அழுகைக்கு இல்லை. அதற்குப் பிறகு நடந்ததற்கு. வருகிறவர் எல்லோரும் உன்னைத் திருத்த ஆரம்பித்தார்கள். "தங்கமான புள்ள. எதுத்து ஒரு வார்த்த பேசாது." யார்? நீயா? "சொன்னதைக் கேக்கும். அதிர்ந்து பேசாது." நீ பிறந்ததே அதிர்ந்துதானே! பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம், "ஷூ எதுக்கு சார் கறுப்பாத்தான் இருக்கணும்?" என்று கேட்டு வெளியே நின்றவன். உன் பெரியப்பாவுடன் இட்லிக்குக் கொத்சா சாம்பாரா என்று ஒரு தீபாவளி முழுக்கச் சண்டை போட்டவன். மாதங்கள் போகப் போக நீ இன்னும் நல்லவனாகிக்கொண்டே வந்தாய். உன் குரல் குறைந்துகொண்டே வந்தது. வருஷம் முடியும்போது உனக்குக் கோட்டும் மாட்டிவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் விட்டால் உன்னை எனக்கே அடையாளம் தெரியாது. என் எதிர்க்கட்சியை மொத்தமாகக் கலைத்துவிடுவார்கள்.

அதனால்தான் படையல் அன்று நான் அப்படி நடந்துகொண்டேன்.

நம் வீடுகளில் படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும். அதுதான் முறை. முறை பற்றி எனக்கு வகுப்பெடுத்த அதே ஆட்கள் உன் இலையில் என்ன வைத்தார்கள் தெரியுமா? பால் பாயாசம். நீ பக்கத்து இலையில் பார்த்தாலே எழுந்து போவாயே, அது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அப்புறம், மனதைத் திடப்படுத்திக்கொள், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கைடு. வாழையிலை மேல். சந்தனம், குங்குமம் வைத்து.

"படிப்புன்னா உசுரு அவனுக்கு" என்றார் பெரியப்பா.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பெரிய மாமா, அவனுக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். பாட்டு. அத இலையில வெக்கணும்."

"எந்தப் பாட்டு? அந்த நாய் கடிச்ச மாதிரி கத்துவானுங்களே, அதுவா? சாமி கும்புடற எடத்துலயா?"

"ஆமா."

"பொட்டப் புள்ள மாதிரி பேசு."

"நான் எந்த மாதிரி பேசறேன்றத அப்புறம் பாக்கலாம். உங்கப்பா, ஜெகன் தாத்தா, அவரு படையலுக்கு இலையில இன்னா வெச்சீங்க?"

என் அப்பா கூரையைப் பார்த்தார்.

"கோட்டரு வெச்சீங்க" என்றேன். "மூடியத் தொறந்து வெச்சீங்க. பக்கத்துலயே ஊறுகா வேற. கேட்டா, 'அவருக்குப் புடிச்சது, ஆத்மா ஏங்கக் கூடாது'ன்னீங்க. தாத்தா அதக் குடிச்சித்தான் செத்தாரு. ஜெகன் ஒண்ணும் பாட்டு கேட்டு சாவல."

யாரோ ஒரு சித்தப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பெரியப்பா முகம் சிவந்தது. "ரா... ரா... ராஸ்கல்!" என்றார். பார்த்தாயா ஜெகா? கோபம் வந்தால் திக்கும்! என் கட்சிக்கு ஒரு சாட்சி. அந்த நேரத்திலும் இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. திரும்பியும் பார்த்தேன். சுவர்ப் படத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாய்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அப்போதுதான் அத்தை எழுந்தாள். உன் அம்மா வருஷம் முழுக்கப் பேசியது மொத்தமாக ஒரு பக்கம் வராது. யாரையும் பார்க்காமல் உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். வெளியே வந்தபோது அவள் கையில் உன் செல்போன். கர்சீப்பில் சுற்றி வைத்திருந்தாள். சார்ஜரைச் செருகிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாள் பூரா எதையோ கேட்டுக்கினு தலைய ஆட்டுவான். அது எனக்குத் தெரியும். எதன்னு தெரியாது. நீதான அவங்கூட மாரடிச்ச? நீயே சொல்லு. எது அவம் பாட்டு?"

ஜெகா, இப்போது கவனமாகக் கேள். என் பையில் சிடி இருந்தது. உங்கள் கூடத்தில் டிவிடி பிளேயர் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஏழுக்கும் ஏழரைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் சிடியை எடுத்து, "இதுதான் அத்தை" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. நீயே வந்து மறுக்க முடியாது. என் பாட்டு உன் இலையில். எதிர்க்கட்சி என் கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஊரே சாட்சி. நான் ஜெயித்திருப்பேன்.

அது உனக்குக் கோட்டு மாட்டுவதை விடக் கேவலம். ஸ்டூடியோக்காரராவது கழுத்துக்குக் கீழேதான் கை வைத்தார்.

போனைக் கையில் வாங்கினேன். உன் ஒரிஜினல் ஏழைத் தேடிப்பிடித்து, சத்தத்தை முழுசாக வைத்து, கணக்கு கைடை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் இலை மேல் போனை வைத்தேன். ஒயர் நீளம் பத்தாமல் இலையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை, "கொஞ்சம் சும்மா இருங்க மாமா" என்றாள். அவர் சும்மா இருந்தார்.

பாட்டு வெடித்தது. கற்பூரம் எரிகிறது, சாம்பிராணிப் புகை, கும்பிட்ட கையோடு சொந்தபந்தம், நடுவே உன் ஆள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். ஒரு குழந்தை குதிக்க ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடம் நெருங்கியது. வழக்கம்போல என் பற்கள் தானாகக் கடித்துக்கொண்டன. வந்தது. உன் பாட்டு திக்காமல் கடந்து போனது.

நான் விடவில்லை. அந்த இடத்தில் என் வாயாலேயே திக்கினேன். சத்தமாக, எல்லோர் முன்னாலும், அந்தப் பாதிச் சொல்லை டக்டக்டக்டக் என்று. உன் பாட்டு அதுபாட்டுக்கு அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது, நான் மட்டும் அங்கேயே நின்று திக்கிக்கொண்டிருந்தேன். உன் இலையில் உன் பாட்டை வைத்தேன் என்பதற்காக ஒத்துக்கொண்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது அல்லவா?

அத்தனை பெண்களும் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அழுவாத கண்ணு, அழுவாத. தேம்பாத." தண்ணீர் கொண்டு வந்தார்கள். யாரோ முதுகை நீவினார்கள். பத்திரிகை வழியாக இப்போது அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்: நான் அழவில்லை. மறுப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது சாம்பிராணியால். நம்பாவிட்டால் போங்கள்.

பிறகு மாடியில் வைத்த சோற்றைக் காகம் வந்து எடுத்தது. பாயாசத்தை அதுவும் தொடவில்லை.

இனி, உனக்குத் தெரியாத செய்தி.

சாப்பிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டு நடுவுல நீ இன்னாத்துக்கு அப்டிக் கத்தன?" என்றாள். அவள் ஒருத்திதான் அதை அழுகை என்று நினைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழுகுச் சிடி, கீறல், பிரவுசிங் சென்டர், ஏழு, ஏழரை, ஆஸ்பத்திரியில் நீ சொன்ன கடைசி வாதம். குறுக்கே பேசாமல் கேட்டாள். "கோவம் வந்தா அவனுக்குச் சும்மா கொட்டும். உண்மைதான்" என்றாள். உனக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது என்று எனக்கு எரிச்சல்.

"உன்னுதையும் போடு" என்றாள். "ஒண்ண மட்டும் கேட்டா தீர்ப்பு எப்டி சொல்றது?"

போட்டேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். திக்கும் இடம் வந்ததும் அவள் உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாட்டு முடிந்தது. நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் எட்டாம் நம்பர் தொடங்கிவிட்டது. நாம் ஒருநாளும் முழுசாகக் கேட்காத எட்டாம் நம்பர். முதல் சுற்றிலேயே நீயும் நானும் ஒரே குரலில் துரத்திவிட்டோமே, அது. நிறுத்தப் போனேன்.

"இரு. ஓடட்டும்."

கடைசிவரை கேட்டாள். பிறகு, ரொம்ப யோசித்து, தீர்ப்புச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் சரியான கூமுட்டைங்க. இத வுட்டுட்டு அதுக்கா அடிச்சிக்கினீங்க? இதுல பாரு, டிரம்மு அடிக்கறவன் எப்டி அடிக்கறான். எட்டுதான் பெஸ்ட்டு."

மூன்றாவது அணி! உன் சொந்த அம்மா! நான் உடனே, "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எட்டுல பாட்டே இல்ல, வெறும் இடிதான்" என்று ஆரம்பித்தேன். "இடிதான் நல்லாருக்குது, உங்க ஏழுலயும் ஏழரையிலயும் சும்மா கத்தறான், அதுக்கு இது மேல இல்ல?" என்றாள். நான் பதில் சொன்னேன். அவள் மடக்கினாள். ஜெகா, உன் அம்மா வாதாடுவாள் என்று நீ ஏன் சொல்லவே இல்லை? நீ எங்கிருந்து வந்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ் பிடிக்கக் கிளம்பிய எங்களை அவள் வாசல் வரை விரட்டி வந்து ஒரு வாதம் சொன்னாள். மறுநாள் போன் செய்து இன்னொன்று.

இப்போதெல்லாம் அவளுடைய போன் வந்தால் அப்பா எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டுகிறார். "உங்க அத்தைடி. பெட்ரோல் பங்க் விஷயமாப் பேசணுமாம்."

அதனால் உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. நீ செத்துப்போனதற்காக நீ சொன்னது சரி என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் உன் இலையில் உன் ஏழுதான் இருக்கும், நானே வைப்பேன். பக்கத்தில் நின்று நானே மறுப்பேன். உன்னை யாரும் சாதுவாக்க விட மாட்டேன். கோட்டைக் கழற்ற வைப்பதற்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் சிதம்பரத்தில்தான் கல்லூரி சேரப்போகிறேன். ஹாஸ்டல் வேண்டாம் என்று அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறோம். அவளிடமும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினம் தினம், அவள் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஒரு நிமிடம் கூடக் கிடைக்காதபடி, எட்டாம் நம்பர் வெறும் இடி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஒருபோதும் தோற்காத,
உன்னையும் தோற்க விடாத,
உன் மாமன் மகள்
வினோ